நைட் டூட்டி ராஜா தூங்கிப்போன கதை

செய்தி டெலிபோனில்தான் வந்தது. எங்களுக்கு வேறு எப்படி வரும்? காலை ஷிப்டில் நான் சூப்பர்வைசர் மேஜையில் உட்கார்ந்து டிரங்க் கால் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பாலக்கரையிலேருந்து உங்களுக்குத்தான். அழுவுறாங்க" என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் இணைப்பைக் கொடுத்தாள். மறுமுனையில் ரெஜினாவின் தங்கை தெரசா. "வைதேகிக்கா, ரெஜினாக்கா போயிட்டாக்கா. காபியைப் போட்டு வச்சுட்டு எழுப்பப் போனேன். எழுந்திரிக்கவே இல்ல" என்றாள்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. 'இதுலயும் முந்திக்கிட்டாளே' என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகு வந்தது. பாலக்கரைக்குப் போகும்போது காந்தி மார்க்கெட் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. வாழைத்தாரைத் தோளில் வைத்திருந்த ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

நம் ஊழியர் மலரில் ரெஜினா மேரியைப் பற்றி எழுத வேண்டும் என்று எல்லோரும் என்னிடம் வந்து நின்றீர்கள். "நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்" என்றீர்கள். நெருக்கம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே இருப்பது. அவள் போன பிறகும் அது போகவில்லை. பொறாமைப்படுகிறவள் கவனிக்கிற அளவுக்கு ஒருத்தியை வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதால், இதை எழுத நான் பொருத்தமானவள்தான்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டி, மறு காதை எங்கள் பேச்சுக்காகத் திறந்து வைத்திருப்பாள். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். லைன் கிடைக்காமல் கொதித்துப்போய்க் கத்துகிற வியாபாரிகள்கூட அவளிடம் பேசத் தொடங்கினால், "பரவாயில்லம்மா, நீங்க மெதுவாப் பாருங்க" என்று இறங்கிவிடுவார்கள். அதே வியாபாரிகள் என்னிடம் புகார் எண் கேட்பார்கள். நான் சொன்னதும் அவள் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். பல தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சின்னப் பொறாமை. பெரிய பொறாமை ஒரு புத்தகத்தால் வந்தது.

அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தவள் நான். தெப்பக்குளத்தின் பக்கம் ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. வாரப் பத்திரிகைத் தொடர்களை வெட்டித் தைத்த பைண்டுகளுக்கு நடுவில், செங்கல் தடிமனில் ஒரு ஆங்கில நாவல் சொருகப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் இந்த உலகத்தில் இல்லாத ஒரு நாட்டின் வரைபடம். ஆற்றில் ஓடம் விடுகிற ஒருத்தியின் மகள், தூக்கமே வராதபடி சபிக்கப்பட்ட ஒரு ராஜா, அவன் ஆள்கிற தண்ணீரில்லாத தேசம், பேசுகிற நாரைகள், மந்திர மணி. 'ஏழு பாகங்களில் முதலாவது' என்று அட்டையில் போட்டிருந்தது. நான் அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா பார்த்துவிட்டார். "என்னடிம்மா அது, இவ்ளோ பெரிசா?" என்று கேட்டார். "இங்கிலீஷ் புராணம்பா" என்றேன். "புராணம்னா கேட்டவாளுக்குப் பலன் சொல்லியிருக்கணுமே. என்ன பலன்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்டை விட்டு நான் வெளியே வர நெடுநாளாயிற்று.

தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் ரெஜினாவிடம் சொன்னேன். அவளும் வாங்கிப் படித்தாள். அதோடு என் புத்தகம் என்னுடையதாக இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் ஓய்வறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நேத்து ஒரு கதை படிச்சேன், கேளுங்கடி" என்று அவள் ஆரம்பித்தாள். நமக்குத்தான் அந்த மேஜை தெரியுமே. மீன் குழம்புக்காரர்கள் ஒரு கோடியில், நான் தயிர்சாதத்தோடு மறு கோடியில். அன்று எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரமும் அவள் பக்கமாக நகர்ந்துகொண்டே போயிற்று. என் பக்கத்து நாற்காலியும் காலி. கடைசியில் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தேன். கதை கேட்பதற்காக இல்லை. தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காக.

தப்பாகத்தான் சொன்னாள். பெயர்களைப் பூராவும் மாற்றிவிட்டாள். கதாநாயகியின் பெயர் த்ரிஸ்வெல்லின். "அந்தப் பேரை எவ சொல்லுவா? சொல்றதுக்குள்ள சோறு ஆறிடும். அவ ஓடக்காரி, அவ்வளவுதான்" என்றாள். வணிகர்கள் கூடும் கோட்டை நகரத்துக்குக் காந்தி மார்க்கெட் என்று பெயர். தூங்காத ராஜாவுக்கு நைட் டூட்டி ராஜா. "பாவம்டி, அவனுக்கு வீக்லி ஆஃப்கூடக் கிடையாது" என்றாள். அந்த வாரம் இரவுப் பணியில் இருந்தவர்கள் எல்லாம் 'த்சொ த்சொ' என்றார்கள். புத்தகத்தில் அவனைக் கண்டால் பயம்தான் வரும். இரக்கம் வர ஒரு வரியும் கிடையாது. தண்ணீர் இல்லாத அந்தக் கெட்ட தேசத்துக்கு அவள் வைத்த பெயர் மருங்காபுரி. காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து லைன் கிடைப்பதற்குள் ஒரு ஷிப்டே முடிந்துவிடும். "ஓடக்காரி மருங்காபுரிக்குப் போகணும்" என்று அவள் சொன்னதுமே, அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புத்தகத்தை எழுதியவர் அதைப் புரியவைக்க எத்தனையோ பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குப் பேரு க்ஹார்வ்ரெத்" என்று நான் குறுக்கே புகுந்தேன். ஒருத்தி, "தொண்டையில முள்ளு ஏதாவது சிக்கிடுச்சாக்கா?" என்று கேட்டாள். இவ்வளவுக்கும் நான் மீன் சாப்பிடுகிறவள் இல்லை.

பாக்கியம் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். மருங்காபுரிப் பக்கத்துப் பெண். அவள் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏன்க்கா எங்க ஊரையே பேய் ஊராக்கிட்டீங்க? எங்க ஊர்ல நல்லவங்களே கிடையாதா?" என்று கேட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர். நானாக இருந்தால் இது வெறும் கதை என்று விளக்கம் கொடுத்திருப்பேன். ரெஜினா ஒரு வாய் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "யாரு சொன்னா? அந்த ஊர்ல ஒரு தண்ணிக்காரி இருக்கா. எட்டு ஊரு தாண்டிப் போய்த் தண்ணி தூக்கிட்டு வருவா. ராஜாவுக்குத் தெரியாம வழிப்போக்கனுக்கெல்லாம் ஊத்துவா. அவ கதை இனிமேதான் வரும்" என்றாள். பாக்கியம் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தலை கொதித்தது. சாப்பிட்டு முடித்து நாற்காலிக்குத் திரும்பும்போது, "அப்படி ஒருத்தி புத்தகத்துல இல்லவே இல்ல" என்றேன். "வருவாடி. அவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தியாவது நல்லவ இல்லாமலா இருப்பா?" என்றாள். எனக்குப் புத்தகம் தெரியும். அவளுக்கு ஊர் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்து எரிச்சலோடு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் பாகம் வந்தது. அதையும் நான்தான் முதலில் படித்தேன். மூன்றாம் பாகத்தில் நிலைமை மாறியது. வெள்ளம் வந்த வருடம் அது. தெப்பக்குளம் பக்கத்து நூல்நிலையத்திலும் தண்ணீர் புகுந்துவிட்டது. பாலம் தாண்டி என்னால் வர முடியவில்லை. தண்ணீர் வடிந்தபின் நான் அங்கே ஓடியபோது, நூல்நிலையக்காரர் ஈரப் புத்தகங்களைக் குப்பையாகத் தெருவில் குவித்திருந்தார். "மூணாவது பார்ட்டா? உங்க சிநேகிதி நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்றார். பாலக்கரைக்குப் போனேன். ரெஜினா வீட்டுக் கூடத்தில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, புத்தகத்தின் ஒவ்வொரு தாளையும் பிரித்து, மேலே மல்துணி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கச் சேற்று வாசனை. நெகிழ்ந்துதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். "நீ படிச்சியா?" என்று கேட்டேன். "படிக்கலடி. தேய்க்கிறப்போ கண்ணு பட்டுடுச்சு" என்றாள். புத்தகம் முழுவதற்கும் கண் பட்டிருந்தது. நாரைகளின் ராணி இறந்துபோவதுவரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தேய்க்கிற சூட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் ஓரமாகக் கருகியிருந்தது. எங்கே கண் பட்டு, எங்கே கை நின்றது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

அந்தப் புத்தகத்தை அவள் மறுபடியும் நூல்நிலையத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு நூல்நிலையக்காரருக்கு அவள் செல்லப்பிள்ளை. நான் வருடக்கணக்கில் உறுப்பினர். அவள் உறுப்பினர்கூட இல்லை. ஆனாலும் அடுத்த பாகம் பார்சலில் வந்து இறங்கினால் பாலக்கரைக்குத்தான் ஆள் போகும். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததும் ஒரு காரணம் என்று அவர் சொன்னார். இருக்கலாம்.

இப்படி நாலாவது பாகமும் ஐந்தாவது பாகமும் அவள் கைக்குத்தான் முதலில் போயின. அவள் ஓய்வறையில் கதையைத் தொடங்கிவிடுவாள். நான் இன்னும் படித்திருக்க மாட்டேன். கேட்டால் கதை கெட்டுவிடும். கேட்காமல் இருந்தால் மனம் கெட்டுவிடும். தயிர்சாதப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்று சாப்பிடுவேன். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு, பிறகு ஒரே அமைதி, பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஊறுகாய்கூட எனக்கு உறைத்ததில்லை.

ஐந்தாம் பாகத்தை அவள் படித்து முடித்த அன்று நேராக வராந்தாவுக்கே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சொல்ல மாட்டேன். நீயே படி. முந்நூறாவது பக்கத்துக்கு மேல படி" என்று புத்தகத்தைக் கையில் திணித்தாள். பஸ்ஸிலேயே படித்தேன். ஓடக்காரி தாகத்தால் மணலில் விழுகிறாள். அந்தக் கெட்ட தேசத்து ஆள் ஒருவன், தோல்பையில் தண்ணீர் சுமந்துகொண்டு, ராஜாவுக்குத் தெரியாமல் வந்து அவள் வாயில் ஊற்றுகிறான். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் காலையில் நான் வாயைத் திறப்பதற்குள், "ஆம்பளையா போட்டுட்டாரு. மத்தபடி சரிதான்" என்றாள் ரெஜினா. இங்கிலாந்தில் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு, பாக்கியம் அழுதது எப்படித் தெரிந்தது? எனக்கு அந்த எழுத்தாளர் மேலும் பொறாமை வந்துவிட்டது. அவரும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

ஆறாம் பாகத்தின் தொடக்கத்தில், பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒரு குறிப்பு கொடுத்திருந்தார்கள். த்ரிஸ்வெல்லினில் பாதி எழுத்துகள் சத்தம் போடக் கூடாதவையாம். வெறும் 'ரிஸ்லின்'தானாம். இத்தனை வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னது தப்பு. ரெஜினா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ சொன்னது தப்பு. நான் சொன்னது தப்பே இல்ல. ஏன்னா நான் அந்தப் பேரைச் சொல்லவே இல்லையே!"

பூதக்கண்ணாடி என்று எழுதினேன். அவளுக்குச் சர்க்கரை. அது கண்ணில் கைவைத்திருந்தது. இணைப்புப் பலகையில் அழைப்பு விளக்கு எரிவது தெரியாமல் அவள் தவித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆறாம் பாகத்தில் பாதியைத்தான் அவளால் தானே படிக்க முடிந்தது. மீதியைத் தெரசா எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். பிறகு ரெஜினா வேலையை விட்டாள். வழியனுப்பு விழாவில் எல்லோரும் அழுதார்கள். பாக்கியம், "ஏழாவது பாகம் வந்தா யாருக்கா எங்களுக்குச் சொல்லுவா?" என்று கேட்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அந்த ஏழாவது பாகம் வந்தது. பாலக்கரையில் வாங்கிப் படிக்க ஆளில்லை என்பதால் நூல்நிலையக்காரர் எனக்குச் சொல்லி அனுப்பினார். மறைக்காமல் சொல்கிறேன், அதை மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டியபோது எனக்குச் சந்தோஷம். அவள் கண் போனதில் அல்ல. யார் மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன், அதில் அல்ல. இத்தனை வருடத்துக்குப் பிறகு முடிவு எனக்கு முதலில் தெரியப்போகிறது என்பதில்.

முழுவதையும் படித்து முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டாள். "முடிச்சிட்டியா?" என்றாள். "முடிச்சிட்டேன்." "என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே. ஒரு வார்த்தை சொல்லாதே. மொதல் பக்கத்துலேருந்து படி" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். ஞாயிறுதோறும் போனேன். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "ரிஸ்லின் க்ஹார்வ்ரெத்தின் எல்லையை அடைந்தாள்" என்று தொடங்கினேன். "யாருடி அவ? எங்க போனா?" என்றாள். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. "ஓடக்காரி மருங்காபுரிக்குப் போனா" என்று நான் சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்கும் அப்படிச் சொன்ன பிறகுதான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. இதை அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முடிவில் ஓடக்காரி ஜெயிக்கிறாள். மணி அடிக்கிறது. ராஜா ஒரே பக்கத்துக்குள் எரிந்து சாம்பலாகிறான். நாரைகள் வந்து ஆற்றில் இறங்குகின்றன. படித்து முடித்ததும் ரெஜினா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். தெரசா காபி கொண்டுவந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாம் எல்லோரும் அவள் வீட்டில் கூடினோமே, நினைவிருக்கும். அச்சு முறுக்குத் தட்டு சுற்றி வந்தது. "அக்கா, முடிவு சொல்லுங்கக்கா" என்று எல்லோரும் அவளைப் பிய்த்தெடுத்தீர்கள். அவள் முகத்தை நான் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பி, "வைதேகி சொல்லுவா. அவ கண்டுபிடிச்ச கதைதானே அது?" என்றாள்.

இத்தனை வருடமாக அவள் வாயிலிருந்து நான் எதிர்பார்த்த வாக்கியம் அது. சபை நடுவே கொடுத்துவிட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். ஒழுங்காகத்தான் சொன்னேன். அவள் வைத்த பெயர்களையே வைத்துச் சொன்னேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன். நீங்கள் யாருமே என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ரெஜினா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் சிரித்தால் சிரித்தீர்கள். அவள் உதட்டைக் கடித்தால் உங்களுக்குக் கண் கலங்கியது. சொல்லுகிறவள் நான், கதை நடப்பதோ அவள் முகத்தில். அன்று எனக்கு வந்த பொறாமையைப் போல அதற்கு முன் வந்ததே இல்லை.

மணி அடித்து, நாரைகள் இறங்கி, கதை முடிந்தது. அப்போது பாக்கியம், "எங்க ஊரு தண்ணிக்காரி என்னக்கா ஆனா?" என்று கேட்டாள்.

எழுதியவர் அவனை மறந்தே போய்விட்டார். ஏழாம் பாகத்தில் அந்தத் தோல்பைக்காரன் ஓர் இடத்தில்கூட இல்லை. 'புத்தகத்தில் இல்லை' என்பது நான் எல்லாக் காலத்திலும் சொல்லிவந்த வாக்கியம்தான். அன்று அது வாயில் வரவில்லை. ரெஜினாவைப் பார்த்தேன். வழக்கம்போல அவள் எதையாவது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். "என்னை ஏன் எல்லாரும் பாக்குறீங்க? கதை சொல்றவளைக் கேளுங்க" என்றாள். நாங்கள் பார்ப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"தண்ணிக்காரி ஊருக்குத் திரும்பிப் போனா. கிணறு வெட்டினா" என்றேன்.

"எங்க ஊர்ல வெட்டினா பாறைதான்க்கா வரும்" என்றாள் பாக்கியம்.

"பாறைதான் வந்துச்சு. அவளால ஒடைக்க முடியல. அப்பதான் நைட் டூட்டி ராஜா அந்த வழியா வந்தான்."

"அவன் எரிஞ்சு போயிட்டான்னீங்களே?"

"எரிஞ்சது அவன் கிரீடமும் சிம்மாசனமும்தான். ஆளு தப்பிச்சிட்டான். போக இடமில்ல, தூக்கமும் வரல. என்ன செய்றதுன்னு தெரியாம நின்னான். 'சும்மாதானே நிக்கிறே, கடப்பாறையைப் புடி'ன்னா தண்ணிக்காரி. ராத்திரி பகலா அவன் ஒடைச்சான். அவனுக்குத்தான் தூக்கமே கிடையாதே. கையெல்லாம் கொப்புளம். ஒரு நாள் விடியுறப்போ பாறை பிளந்து தண்ணி வந்துச்சு. அவ மொதல் குடத்தை எடுத்து அவன்கிட்ட நீட்டினா. குடிச்சான். அப்படியே கிணத்து மேட்டுல சாய்ஞ்சான். தூங்கிப் போயிட்டான்."

இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்த ஒருத்தி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "எழுப்பினாங்களாக்கா?" என்று பாக்கியம் மெல்லக் கேட்டாள். "எழுப்பல. அவன் மேல வெயில் படாம அவ நின்னுக்கிட்டா" என்றேன். அப்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நான் பார்த்தேன்.

விடைபெறும்போது ரெஜினா சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை வந்தாள். "அது எந்தப் பக்கத்துலடி வருது?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கத்துலயும் வரல."

"வரலன்னு தெரியும். நீதானே எனக்குப் படிச்சே." கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்குப் பேரு வச்சவ நான். வீக்லி ஆஃப் இல்லையேன்னு பரிதாபப்பட்டவ நான். அவனைத் தூங்க வைக்கணும்னு எனக்குத் தோணலியேடி" என்றாள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வராந்தாவில் தயிர்சாதத்தோடு நின்றவளின் குரல் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போயிட்டு வரேன்" என்றேன். "போ, போ. பஸ்ஸுல ஒக்காந்து நல்லா சந்தோஷப்பட்டுக்கோ" என்றாள். அப்படியேதான் செய்தேன்.

அதன் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளே வாய்த்தன. அவற்றில் நாங்கள் முதல் பாகத்தை மறுபடியும் தொடங்கியிருந்தோம். இந்தத் தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளே சொல்லுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், திருத்துவதில்லை. நாரைகளின் ராணி இறக்கும் இடம் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று அவள் வீட்டு வாசலில் பெட்டிக்காகக் காத்திருந்தோம். எனக்குப் பின்னால் பாக்கியம், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ரெஜினாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாப்பாட்டு நேரத்துல கதை சொல்லுவாங்க பாரு, அப்படி இருக்கும். கடைசியில நைட் டூட்டி ராஜா கிணத்து மேட்டுலயே தூங்கிடுவான். தண்ணிக்காரி நிழல் குடுப்பா. ரெஜினாக்கா அந்த இடத்தைச் சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நான் சடாரென்று திரும்பினேன். பாக்கியம் அன்று என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டவளே அவள்தான். பொய் சொல்லுகிற பெண்ணும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது. "அது நான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு நகர்ந்து வழிவிட்டேன்.

அன்று சொல்லாததை இந்த மலரில் எழுதி வைக்கிறேன். அவளை அறிந்தவர்கள் எல்லோரும் படிப்பீர்கள். ஓடக்காரி ரெஜினாவுடையவள். தண்ணிக்காரியும் அவளுடையவள்தான். காந்தி மார்க்கெட்டும் மருங்காபுரியும் அவள் கட்டியவை. ஏழு பாகங்களில் எதைத் திறந்தாலும் அவள் குரலில்தான் எனக்கு இனிமேல் கேட்கும், அதையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கிணறு மட்டும் நான் வெட்டியது. ரெஜினா மேரி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே இடம் அதுதான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை, பாக்கியம்.